பெயர்ந்த டோர் பேட், தொங்கும் கூரைத் துணி, வளைந்த பட்டை: எதற்கு எது நிற்கும்?

கார் கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடில் துணி ஒட்டியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் பழைய பசை காய்ந்து பொடியாகிவிட்டது என்று அர்த்தம். விரலை எடுத்ததும் துணி மெல்ல எழும்பி மறுபடி உப்பி நிற்கும். அந்த ஓரத்தில் இரண்டு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு அழுத்திப் பிடிப்பதைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் நின்றது. அப்புறம் பசை ஊறிய இடம் மட்டும் அட்டை போல விறைத்தது. அதைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு கறை வந்தது. விறைத்த இடத்தைச் சுற்றியிருந்த துணி முன்பைவிட அதிகமாகப் பெயர்ந்தது.

அதற்குப் பிறகு நான் பசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். இது ஏன் விட்டுப்போனது? வெயிலா, தண்ணீரா, உடைந்த கிளிப்பா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எந்தப் பசை நல்லது என்று கேட்பதில் பயனில்லை.

கிளிப்பைப் பார்ப்பது சுலபம். பட்டையோ பேனலோ வளைந்திருப்பது போலத் தெரிந்தாலும், பல நேரம் அது வளைந்திருக்காது; பின்னால் ஒரு கிளிப் உடைந்து அந்த இடம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்றிச் சமமான மேசைமேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சமமாக உட்கார்ந்தால் புது கிளிப் போதும், வேலை முடிந்தது.

தண்ணீர் என்றால் அறிகுறி வேறு. டோர் பேடின் அடிப்பகுதி மட்டும் உப்பி, ஓரம் இலை இலையாகப் பிரிந்திருக்கும். மரத்தூள் அட்டையில் செய்த பழைய டோர் பேடுகளில் இது அதிகம். கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் ஓடி அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அது பேடின் பக்கம் வராமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றும்போதோ கண்ணாடி மோட்டார் பார்க்கும்போதோ அதைக் கிழித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளைப் பியூட்டைல் டேப் (பிசின் போன்ற ரப்பர் பட்டை) போட்டுச் சரிசெய்யாமல் பேடை மட்டும் ஒட்டினால் அடுத்த மழைக்கே மறுபடி உப்பும். ஊறி உப்பிய அட்டை பழைய தடிமனுக்குத் திரும்பாது. அதைப் படிவமாக வைத்துப் புது அட்டையை வெட்டிக்கொள்வதுதான் நல்லது.

மிச்சமெல்லாம் வெயிலின் வேலை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் சான் டியேகோ மருத்துவக் கல்வியாளர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டியிருந்தது. இந்த 69 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பசைகளைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

க்ளூ கன்னில் உருக்கி விடும் குச்சிப் பசை வேகமானது, மலிவானது, கையில் அழுக்கு ஒட்டாது. ஆனால் சாதாரணக் குச்சிகள் 60 முதல் 80 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். கதவின் அடியில், நிழலில் இருக்கும் ஒயரைப் பிடித்து வைக்க அது போதும். வெயில் படும் எந்த இடத்துக்கும் வேண்டாம்.

சூப்பர் க்ளூவின் குறை வேறு மாதிரி. பிடிப்பு பலமானதுதான், ஆனால் வளைந்து கொடுக்காது. கார் ஓடும்போது பேனல் அதிர்ந்துகொண்டே இருக்கும்; காய்ந்த பசை கண்ணாடி போல உடைந்துவிடும். உடைந்த பிளாஸ்டிக் காதை (பாகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிமானத் துண்டை) ஒட்டி, பின்பக்கம் வேறு பலம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் எடுங்கள். துணிக்கும் ரெக்ஸினுக்கும் வேண்டவே வேண்டாம்.

உண்மையான போட்டி ஸ்ப்ரே பசைக்கும் தூரிகையால் தடவும் கான்டாக்ட் பசைக்கும்தான். இரண்டையும் இரு பரப்பிலும் பூச வேண்டும், கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் ஒரே தடவையில் சேர்க்க வேண்டும். ஸ்ப்ரே மெல்லிசாக, ஒரே சீராகப் படியும். துணியில் ஊறி வெளியே கறையாகத் தெரியும் ஆபத்து குறைவு. அதனால் பெரிய பரப்புக்கும் மெல்லிய துணிக்கும் ஸ்ப்ரே. ஆனால் காகிதம், அட்டை ஒட்டும் பொது ஸ்ப்ரேக்கும் கார் கூரைத் துணிக்கென்று வரும் ஸ்ப்ரேக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. டப்பாவில் சூடு தாங்கும் அளவைப் படியுங்கள். 70 டிகிரிக்குக் குறைவாக இருந்தாலோ அளவே போடாமல் இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

ஓரங்களில், மடித்து ஒட்டும் இடங்களில், குழிவான கைப்பிடிப் பகுதியில் தூரிகைப் பசைதான் ஜெயிக்கும். இழுவிசை அதிகமுள்ள இடங்கள் இவை. தடிமனான பூச்சு தேவை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை பெரும்பாலும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் வகை. அது துணிக்கு நல்லது, ரெக்ஸினுக்கு நல்லதல்ல. ரெக்ஸின் மென்மையாக இருப்பதற்கு அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள் கலந்திருக்கும். அது மெதுவாகக் கசிந்து நியோப்ரீன் பசையைப் பிசுபிசுப்பாக்கிவிடும். ஒட்டிய அன்று இரும்பு போல நிற்கும். சில மாதங்களில் இழுத்தால் நூல் நூலாக வரும். ரெக்ஸினுக்குப் பாலியூரித்தேன் வகை கான்டாக்ட் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

வயதான ரெக்ஸின் சுருங்கியும் இருக்கும். ஓரம் பழைய இடத்தை எட்டவில்லை என்றால் அந்தக் கசிவால் அது சுருங்கிவிட்டது என்று அர்த்தம். ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். விரலளவு இடைவெளி இருந்தால் இழுத்து ஒட்டாதீர்கள். எந்தப் பசையாலும் அந்த இழுவையை வருடக்கணக்கில் தாங்க முடியாது. புது ரெக்ஸின் போடுங்கள்.

கெட்டியான பிளாஸ்டிக் பட்டை, லோகோ, சன்னமான அலங்கார டிரிம் இவற்றுக்கு இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப்பையே நான் விரும்புகிறேன். அது அதிர்வை வாங்கிக்கொள்கிறது, சூட்டைத் தாங்குகிறது. அவசரப்படுபவர்களுக்கு ஒன்று: ஒட்டிய 20 நிமிடத்தில் அதற்குப் பாதிப் பிடிப்புதான் வரும், முழுப் பிடிப்பு வர அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். அதுவரை காரை வெயிலில் விடாதீர்கள்.

இவை எல்லாமே தோற்கும் ஒரு பிளாஸ்டிக் உண்டு, பாலிபுரொப்பிலீன். காருக்குள் அதிகம் இருப்பதும் அதுதான். பாகத்தின் பின்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் (இன்னொரு கெட்டி பிளாஸ்டிக்) என்றோ பிபி (பாலிபுரொப்பிலீன்) என்றோ ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். எழுத்து இல்லையென்றால் பின்னால் ஒரு சின்னப் பிசிறைச் சீவித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், ஏபிஎஸ் மூழ்கும். டால்க் மாவு கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கக்கூடும் என்பதால் மூழ்கியதை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம். பாலிபுரொப்பிலீன் என்றால் அதற்கான பிரைமரை, அதாவது பிடிப்பு தரும் முதல் பூச்சைத், தடவிய பிறகே டேப்பும் பசையும். எபாக்ஸி கூட அதன்மேல் அப்படியே தோல் போல உரிந்து வரும்.

கூரைத் துணி

இதற்கு மூன்று வழிகள் சொல்வார்கள்: திருகு ஊசி குத்துவது, தொங்கும் இடத்தில் மட்டும் பசை அடிப்பது, முழுக்கக் கழற்றிப் புதுத் துணி போடுவது. நடு வழி வீண் வேலை. ஏன் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். தொங்கும் துணியை ஓரத்தில் விலக்கி மேலே விரலால் தேயுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் மாவு போல உதிரும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அது பசை அல்ல; துணிக்கும் அது ஒட்டியிருக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே இருந்த மெல்லிய ஃபோம். சூட்டிலும் ஈரத்திலும் மக்கிப்போய்விட்டது. புதுப் பசை இந்த மாவைத்தான் பிடித்துக்கொள்ளும். மாவு எதையும் பிடித்துக்கொள்ளாது.

ஆகவே, காரை விற்கப்போகிறீர்கள், இன்னும் சில மாதம் தலையில் இடிக்காமல் இருந்தால் போதும் என்றால் ஊசி. இல்லையென்றால் பலகையைக் கழற்றத்தான் வேண்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு, காய்ந்த தூரிகையால் ஃபோமைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். பலகையின் பழுப்பு நிறம் தெரியும்வரை விடாதீர்கள். அப்புறம் ஃபோம் ஒட்டியே வரும் புதுத் துணியைப் பாதியாக மடித்து வைத்து, இரு பரப்பிலும் ஸ்ப்ரே பசை அடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். குழிவான இடங்களில் துணியை முதலில் குழிக்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். மேலே பாலம் போல இழுத்து ஒட்டினால் அந்த இடம்தான் முதலில் தொங்கும். பலகையைத் தனி ஆளாகத் தூக்காதீர்கள். நடுவில் மடங்கினால் அந்தக் கோடு போகாது.

வளைந்த பிளாஸ்டிக்: வெந்நீரா, ஹீட் கன்னா?

ஹீட் கன் கைக்குப் பலம் தருவது போல இருக்கும், ஆனால் எனக்கு அதன்மேல் பயம் உண்டு. பிளாஸ்டிக்கின் மேல் தோல் போலத் தெரியும் புள்ளி வேலைப்பாடு, சூடு கொஞ்சம் கூடினாலும் ஒரு கணத்தில் வழவழப்பாகி மின்னும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. வெந்நீருக்கு ஒரு இயற்கையான எல்லை இருக்கிறது: திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாது. ஏபிஎஸ் வளைந்து கொடுக்க அது போதும், கருகாது. ஓரிரு நிமிடம் முக்கி, கையுறையோடு எடுத்து, தேவைப்படும் வடிவத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, குளிர்ந்த நீரில் ஆறவிடுங்கள். அது கொஞ்சம் பின்வாங்கும். அதற்குத்தான் அந்த அதிகம். பெரிய பாகம் பாத்திரத்தில் அடங்காது, மரத்தோற்றப் படலம் ஒட்டிய பட்டை தண்ணீரில் உரியும். அந்த இரண்டுக்கும் ஹீட் கன்னைப் பின்பக்கத்திலிருந்து மட்டும், தூரத்தில், அசைத்துக்கொண்டே காட்டுங்கள்.

நேராக்கிய பிறகு மறுபடி வளையாமல் இருக்க இரண்டு முனையையும் ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறார்கள். அதுதான் மறுபடி வளையக் காரணம். ஒரு மீட்டர் ஏபிஎஸ் பட்டை 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். முனைகள் நகர முடியாவிட்டால் நடுப்பகுதி வில் போல எழும். கிளிப் துளைகளை நீளவாக்கில் செய்திருப்பது இந்த நீட்சிக்காகத்தான். அவற்றைப் பசையால் அடைக்காதீர்கள்.

சில பிளாஸ்டிக் பாகங்களின் மேல் பிசுபிசுப்பாகிப்போன ரப்பர் பூச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு அடியிலிருக்கும் வெறும் பிளாஸ்டிக்கை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மேல். அதன்மேல் ஒட்டும் வினைல் படலம் அழகாக இருக்கும், ஆனால் வளைவுகளை ஒட்டி முடித்தபின் நன்றாகச் சூடாக்கி அதன் இழுவையைப் போக்காவிட்டால் ஓரம் சுருண்டு வரும். எதை ஒட்டுவதானாலும் முன்பு பூசிய டேஷ்போர்டு பாலிஷை முழுக்க எடுங்கள். அதிலுள்ள சிலிக்கோன் மிச்சமிருந்தால் எதுவும் ஒட்டாது.

ஏர்பேக் என்று பொறித்திருக்கும் இடங்களில் இந்த ஒப்பீடு எதற்கும் இடமில்லை. பயணியின் முன்னுள்ள டேஷ்போர்டு உறை, ஏர்பேக் விரியும்போது குறிப்பிட்ட கோட்டில் கிழிவதற்காகவே மெலிதாக்கப்பட்டிருக்கும். அதன்மேல் படலமோ பசையோ வேண்டாம். திரைபோல இறங்கும் ஏர்பேக் உள்ள கார்களில் தூண் டிரிம்களையும் (கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் பிளாஸ்டிக் உறைகளையும்) ஒட்டி வைக்காதீர்கள். அங்கே கிளிப் உடைந்தால் அதே காருக்கான அசல் கிளிப்தான். கூரைப் பலகையைக் கழற்ற இந்தத் தூண் டிரிம்களையும் கழற்ற வேண்டியிருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே தொடுங்கள்.

பழைய வண்டியிலிருந்து எடுத்த பாகமா, புதிதா என்று கேட்டால், கெட்டி பிளாஸ்டிக்குக்குப் பழையதைத் தயங்காமல் எடுப்பேன். துணியோ ரெக்ஸினோ ஒட்டிய பாகமென்றால் எடுக்கமாட்டேன். உங்கள் காரின் பசை பார்த்த வெயிலை அந்தப் பசையும் பார்த்திருக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கையில் எடுத்ததும் கட்டைவிரலால் நடுவில் ஒரு தடவை அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள்.