மதர்போர்டைத் தூக்கும்முன் ப்ராசசரைக் கழற்றுவதா, தூக்கியபின்பா?

போன வாரம் இரண்டு ப்ராசசர் உள்ள ஒரு ரேக் சர்வரில் மதர்போர்டை மாற்ற வேண்டி வந்தது. ரேமையும் ரைசர் கார்டுகளையும் (மற்ற கார்டுகளைச் செருகும் துணைப் பலகைகள்) முதலில் எடுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை, ஹீட்சிங்க்கையும் (ப்ராசசர் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) ப்ராசசரையும் எப்போது எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. போர்டு பெட்டிக்குள் இருக்கும்போதே கழற்றிவிடலாம், இல்லை அதோடு சேர்த்தே தூக்கி மேசையில் வைத்துக் கழற்றலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். இந்த முறை பெட்டிக்குள்ளேயே கழற்றினேன், இனியும் அப்படித்தான்.

பவர் கேபிள் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குவது, நிலைமின்சாரம் போர்டைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டுவது, கேபிள்களைப் போட்டோ எடுத்துவைப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. ஷட்டவுன் செய்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை போர்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும், மறக்கவே கூடாது.

சேர்த்துத் தூக்குவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எல்ஜிஏ வகைச் சாக்கெட்டில், அதாவது ப்ராசசர் உட்காரும் இடத்தில், எளிதில் வளையும் மெல்லிய பின்கள் போர்டு பக்கம் இருக்கின்றன, எல்ஜிஏ 3647 என்றால் சாக்கெட்டுக்கு 3,647 பின். ப்ராசசர் மேலே உட்கார்ந்திருக்கும்வரை கேபிள் நுனியோ கைதவறிய ஸ்க்ரூவோ அவற்றைத் தொடாது.

சிக்கலெல்லாம் எடையில்தான். ஸ்க்ரூ கழற்றியபின் பின்பக்க போர்ட்டுகள் தகட்டு ஓட்டையை விட்டு வரும்வரை போர்டை முன்னால் நகர்த்தி, அப்புறம் லேசாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். அந்த நொடியில் இரண்டு ஹீட்சிங்க் எடையும் ஒரு பக்கம் இழுக்கும், அடியில் என்ன உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கையும் தானாக ஹீட்சிங்க்கைப் பிடிக்கப் போகும். முன்பு ஒருமுறை, வேறு பெட்டிக்கு மாற்றுவதற்காக நல்ல போர்டு ஒன்றை இப்படித் தூக்கியபோது ஒரு மூலை தாழ்ந்து ஸ்டாண்டாஃபில் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) கறக்கென்று உரசியது. திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூ ஓட்டை அருகே நக நீளத்துக்குக் கீறல், எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்று பாதி பெயர்ந்து சாய்ந்து நின்றது. அதன்பின் அந்தப் பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் வேலை செய்யவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பெட்டிக்குள் போர்டு இறுகப் பிடித்திருக்கும், ஹீட்சிங்க் ஸ்க்ரூவுக்கான டி30 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவரைத் திருப்பும்போது வளையாது, ஆடாது. எந்த வரிசையில் கழற்றுவது என்று ஹீட்சிங்க் மேலேயே எண் போட்டிருக்கும். சூடு முழுக்க ஆறுவதற்குள், கை பொறுக்கும் அளவில் எடுத்தால், ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளக்கமாக இருப்பதால் சுலபமாக வரும், ஆனால் நேராக மேலே தூக்க வேண்டும். எல்ஜிஏ 3647-இல் ப்ராசசரும் ஹீட்சிங்க்கோடு ஒட்டியே வந்துவிடும். வந்த கையோடு சாக்கெட் மூடியைப் போட்டுவிட்டால் பின் பற்றிய பயமும் போயிற்று. புதிதாகப் பேஸ்ட் பூசும் வேலை இரண்டு வழியிலும் உண்டு.

நான் சொல்வது இரண்டு ப்ராசசர் ரேக் சர்வர்களை வைத்து. ஒற்றை ப்ராசசர் டவரை ஒரே ஒரு தடவைதான் கழற்றியிருக்கிறேன், அங்கே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் எபிக் சர்வர் ப்ராசசர் உள்ள போர்டைக் கழற்றியதே இல்லை. போர்டு கைப்பிடியோடு ஒரு இரும்புத் தட்டில் பொருத்தியிருந்தால் எடைப் பிரச்சினை பாதி குறைந்துவிடும், சேர்த்தே தூக்கலாம். அப்புறம், சாக்கெட்டுக்கு ஒன்று வீதம் உதிரி மூடி கையில் இல்லையென்றால் என் வழி வேண்டாம். கூட ஒருவரை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, ப்ராசசரோடேயே தூக்குங்கள்.