குளிர்காலப் பாராகிளைடிங்: டெவில்ஸ் டைக்கா, மவுண்ட் கேபர்னா?

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரை ஒட்டிய சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கியபடி பறத்தல்) செய்பவர்களுக்கு டெவில்ஸ் டைக், மவுண்ட் கேபர்ன் ஆகிய இரண்டும் நன்கு பழகிய இடங்கள். முன்னதன் உயரம் 217 மீட்டர். பின்னது ஏறத்தாழ 150 மீட்டர்தான். வடக்கு, வடமேற்குக் காற்று வீசினால் டைக், தெற்கு, தென்மேற்குக் காற்று வீசினால் கேபர்ன் என்று கோடையில் எளிதாக முடிவெடுத்துவிடலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் காற்றின் திசையோடு வேறு சிலவற்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலாவது வெயில். டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 16 பாகை உயரத்துக்கே வருகிறது. வடக்கு நோக்கிய டைக்கின் செங்குத்தான சரிவு நாள் முழுவதும் நிழலிலேயே கிடப்பதால், சரிவில் மோதி மேலெழும் காற்று ஒன்றே அங்கே பறப்பவரைத் தாங்குகிறது. காற்று சற்றுத் தளர்ந்தால் அடிவாரத்தில் இறங்க வேண்டியதுதான். தெற்கு நோக்கிய கேபர்னில், 25 பாகை சாய்ந்த சரிவின்மீது அதே வெயில் சுமார் 40 பாகைக் கோணத்தில் விழுவதால், நல்ல நாளில் மெலிந்த தெர்மல்கள், அதாவது தரை சூடாவதால் மேலெழும் காற்றோட்டங்கள், கிளம்புகின்றன. ஆனால் இந்த வரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. குறுகிய தெர்மலைப் பிடிக்க ஆசைப்பட்டுப் போதிய உயரமில்லாமல் முழு வட்டம் அடிப்பவரை, வட்டத்தின் பிற்பாதியில் காற்றே குன்றை நோக்கித் தள்ளிவிடும்.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் கிடைக்கும் இடம். எனக்கு இதுவே முதன்மையானது. டைக்கின் சரிவு மேற்கே ஃபுல்கிங் வரையிலும் அதைக் கடந்தும் தொடர்ச்சியாக நீள்கிறது. உச்சியிலும் அகன்ற புல்வெளி இருக்கிறது. காற்று வலுத்துப் பின்னோக்கி நகர்த்தினாலும், குன்றின் விளிம்பை ஒட்டிய கொந்தளிப்பைத் தாண்டிவிட்டால் கீழே சமதரை உண்டு. கேபர்ன் தனித்து நிற்கும் குன்று. அதன் பின்புறம் ஆக்ஸ்டெடில் பாட்டம் என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்காகச் சரிவதால், பின்னுக்கு அடித்துச் செல்லப்படுபவர் கீழிறங்கும் சுழல்காற்றில் சிக்குவார். தெற்கே பெடிங்ஹாம், ஃபேர்ல் குன்றுகள் கேபர்னைவிட உயர்ந்து நிற்பதால், தென்கிழக்கிலிருந்து வரும் காற்று அவற்றைக் கடந்து குலைந்தே வந்து சேர்கிறது.

குளிர் இரண்டிடத்துக்கும் பொது. 20 பாகை செல்சியஸைவிட 0 பாகை செல்சியஸில் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அடர்ந்தது. ஆகவே ஒரே வேகத்தில் வீசினாலும், தரையில் நின்று இறக்கையைத் தூக்கும்போது இழுவிசை கூடுதலாக இருக்கும். விரல்கள் மரத்துப்போனால், இறக்கையைத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் கையில் பிடிக்கும் பிரேக் கயிற்றின் வழியே இறக்கை சொல்லும் செய்தியும் எட்டாது. நிழலும் வாடையும் சேர்ந்த டைக்கில் இது விரைவாகவே நேர்ந்துவிடும். டைக்கின் உச்சிவரை காரில் போகலாம், கேபர்னுக்கு க்ளைண்ட் கிராமத்திலிருந்து நடந்து ஏற வேண்டும். நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும் மாதத்தில் அந்த நடையையும் கணக்கில் சேர்ப்பது நல்லது. நடை உடம்பைச் சூடாக்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குளிர்முகப்பு, அதாவது முன்னேறிவரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடக்கும் நாளில் காலையில் தென்மேற்காக வீசும் காற்று பிற்பகலில் வடமேற்காகத் திரும்புவதுண்டு. ஒரே நாளில் இரண்டிலும் பறந்துவிடலாம் என்று அப்போது தோன்றும். அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். முகப்புக்கு முன்னால் காற்று மணிக்கு மணி வலுக்கும். பின்னாலோ மழைத் தூறல்களோடு திடீர் வீச்சுகள் வரும். டைக்குக்கு ஏற்றது, முகப்பு கடந்து உயரழுத்தம் கூடி, வடகாற்று சீராக அடங்கும் மறுநாள். கேபர்னுக்கு, உயரழுத்தம் கிழக்கே நகர்ந்து, வானம் தெளிந்திருக்க இலேசான தென்மேற்குக் காற்று திரும்பும் நாள்.

உரிமம் பெற்று முதல் குளிர்காலத்தைச் சந்திப்பவருக்கு நான் டைக்கையே பரிந்துரைப்பேன், அங்கே உயரம் கிடைப்பது அரிது என்றாலும். கேபர்னின் வெயில், குன்றை ஒட்டித் தாழ்வாகப் பறந்து பழகி, தெர்மல் கையெட்டும் தொலைவில் இருக்கும்போதும் அதை விட்டுவிட்டு இறங்கத் தெரிந்தவருக்கானது.