எவரோலிமஸ்: கிட்னிக்கு நல்லது, வாய்க்கு?

டிரான்ஸ்பிளான்ட் கிளினிக்கில் காத்திருக்கும்போது, மாற்றிவைத்த கிட்னியை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் எவரோலிமஸ் மாத்திரைக்குப் புதிதாக மாற்றப்பட்டவர்கள் சக நோயாளியான என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “டாக்ரோவைவிட இது நல்லதாங்க?” (டாக்ரோ என்றால் டாக்ரோலிமஸ், இதே வேலைக்கு வழக்கமாகத் தரும் மருந்து.) கிட்னிக்கு நல்லது, வாய்க்கு நல்லதில்லை என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

கிட்னி மாற்றியபோது எனக்கு வழக்கமான கூட்டணிதான்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு. அப்புறம் ரத்தத்தில், புதுக் கிட்னியைக் கெடுக்கக்கூடிய பிகே வைரஸ் ஏற ஆரம்பித்தது. நெஃப்ராலஜிஸ்ட் மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி, டாக்ரோவைக் குறைத்து, எவரோலிமஸைச் சேர்த்தார். நம் செல்களுக்கு ‘வளரு, பெருகு’ என்று உத்தரவு போடும் புரதம் எம்டார். இந்த மருந்து அதன் வாயை அடைக்கிறது. புதுக் கிட்னியைத் தாக்க வரும் வெள்ளையணுக்கள் அதனால் பெருக முடிவதில்லை. 2018-இல் வெளியான ‘டிரான்ஸ்ஃபார்ம்’ ஆய்வில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். எவரோலிமஸ் பக்கம் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்), பிகே இரண்டு வைரஸ் தொற்றுமே குறைவு. கிட்னியைக் காப்பதிலும் வழக்கமான கூட்டணிக்கு அது சளைக்கவில்லை. ஆனால் பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்டவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். என் அனுபவமும் அதேதான்: வைரஸ் இறங்கியது, வேறு தொல்லைகள் வந்தன.

முதல் தொல்லை வாய்ப்புண். மிளகு ரசம்கூட எரியும். தயிர் சாதம், இட்லியைப் பாலில் ஊறவைத்து என்று ஓட்டினேன். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் பக்கமே போகாதீர்கள். எனக்குக் கேட்டது டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு பேஸ்ட்தான். ரத்தத்தில் மருந்தின் அளவு சரியான இடத்துக்கு வந்ததும் புண்ணும் அடங்கியது. இப்போது லெவல் ஏறினால் எப்போதாவது எட்டிப்பார்க்கும்.

டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் இரண்டும் ஏறின. ஸ்டேட்டின் போட்டதும் கட்டுக்குள் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நான் பயப்படுவது சிறுநீரில் போகும் புரோட்டீனைப் பார்த்துத்தான். நம்மவர்கள் எல்லோரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் ஜாதகம் மாதிரி மனப்பாடம் செய்திருப்போம். இந்த மருந்தில் அது போதாது. கிரியாட்டினின் அசையாமல் நிற்கும்போதே யூரினில் புரோட்டீன் கசியத் தொடங்கலாம். எவரோலிமஸின் அண்ணன் மருந்தான சிரோலிமஸுக்கு மாற்றிப் பார்த்த ‘கன்வெர்ட்’ ஆய்வில், கிட்னி வடிகட்டும் திறன் 40-க்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்ப்பதைப் பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தினார்கள். முன்பே புரோட்டீன் கசியாமல் இருந்தவர்களுக்குத்தான் அந்த மாற்றம் பலன் தந்தது. அதனால் மாற்றும் முன்பே யூரின் டெஸ்ட் பார்க்கப்பட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எனக்குச் சிறிதளவு கசிந்தபோது டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை கொடுத்தார்கள். ராமிப்ரில் வகை பிபி மாத்திரைகளோடு எவரோலிமஸ் சேர்ந்தால் முகம், உதடு, நாக்கு திடீரென வீங்கும் ஆபத்து கூடுதல் என்பதால் அதைத் தவிர்த்தார்கள்.

அடுத்தது ஆபரேஷன். குடலிறக்கத்துக்குத் தேதி குறித்த சர்ஜன் என் மருந்துச் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நெஃப்ராலஜிஸ்ட்தான் பல வாரங்கள் முன்பே எவரோலிமஸை நிறுத்தி மைக்கோஃபினோலேட்டுக்குத் திருப்பினார். காயம் ஆற வேண்டுமென்றால் செல்கள் பெருகத்தானே வேண்டும்? தையல் முழுக்க ஆறிய பிறகே எவரோலிமஸ் திரும்பியது. நுரையீரல் மாற்று செய்த உடனே சிரோலிமஸ் கொடுத்துப் பார்த்த சிலருக்கு மூச்சுக்குழாய்த் தையலே பிரிந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை மருந்தின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம் மற்ற மருந்துகள். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை லெவலைத் தூக்கிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தரைமட்டமாக்கிவிடும். டிபி சாதாரணமாக வரும் நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்களையும் விட்டுவிட்டேன். காலை மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 3 முதல் 8 நானோகிராம் இருக்க வேண்டும். டோஸ் மாற்றினால் மறுநாளே டெஸ்டுக்கு ஓட வேண்டாம். மருந்து ரத்தத்தில் நிலைக்க நாலைந்து நாள் ஆகும். சின்ன ஊர் மெடிக்கல் ஷாப்பில் இது கிடைக்காது, கையில் ஒரு மாத இருப்பு வைத்திருங்கள்.

காய்ச்சல் இல்லாத வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் சிரப் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கிருமியே இல்லாமல் நுரையீரலில் அழற்சி உண்டாக்கும் குணம் இதற்கு உண்டு. எனக்கு அப்படி இருமல் வந்தபோது சிடி எடுத்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் ஆண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்; விந்தணு குறையலாம், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அந்த அண்ணன் சிரோலிமஸ், 1964-இல் ஈஸ்டர் தீவில் அள்ளிய மண்ணிலிருந்து வந்தது. 2009-இல் வயதான எலிகளின் ஆயுளை அது நீட்டியதாகச் செய்தி வந்ததிலிருந்து, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள்கூட இளமைக்காக வாங்கி விழுங்குகிறார்கள். நான் வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறேன், அவர்களுக்கு என்ன தலையெழுத்தோ!

இப்போது காலையும் மாலையும் 0.75 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில், இரண்டு வேளையும் சாப்பிட்ட பிறகு. டாக்ரோ முன்பு எடுத்ததில் பாதிக்கும் கீழே. வேறு மருந்துக்கு மாறும் எண்ணம் எனக்கு இல்லை. யூரின் புரோட்டீன் இன்னும் கூடினால் டாக்டரே மாற்றிவிடுவார், அதைப் பேசி வைத்திருக்கிறோம்.