8085, 8086, ரிஸ்க்-வி: அசெம்பிளியை எதில் தொடங்குவது?

இன்ஜினியரிங் படிக்கும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லேபில் 8085 கிட் (சிப்பும் கீபேடும் உள்ள பயிற்சிப் பலகை) வைத்திருக்கிறார்கள், பாடத்தில் 8086 வருகிறது, வெளியே எல்லோரும் ரிஸ்க்-வி என்கிறார்கள். பிராசசரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் மொழியான அசெம்பிளியைப் பழக எதைப் பிடிப்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில வாரம் 8085, அப்புறம் நேராக ரிஸ்க்-வி. 8086 பரீட்சைக்கு மட்டும்.

8085 இன்டெல் 1976-இல் கொண்டுவந்த 8 பிட் சிப். உள்ளே சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். நினைவகம் அதிகபட்சம் 64 கிலோபைட். கணக்கின் விடை வந்து சேரும் ஏ என்ற அக்குமுலேட்டர், பி, சி, டி, இ, எச், எல் என ஆறு ரிஜிஸ்டர்கள் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சின்ன இடங்கள்), விடை எப்படி வந்தது என்று காட்டும் ஐந்து ஃபிளாகுகள். மொத்த சிப்பையும் நோட்டில் ஒரே பக்கத்தில் வரைந்துவிடலாம். பழைய சரக்குதான். ஆனால் ஒரு சிப் முழுவதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடிவது சின்ன விஷயம் இல்லை.

கட்டளைகளை எண்ணாக மாற்றும் நிரலுக்கு அசெம்ப்ளர் என்று பெயர். கிட்டில் அசெம்ப்ளர் நாம்தான். பேப்பரில் நிரல் எழுதி, ஆப்கோடு (கட்டளைக்கான எண்) அட்டவணையைப் பார்த்து ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணாக மாற்றி, கீபேடில் ஒவ்வொரு பைட்டாகத் தட்ட வேண்டும். 'ஆட் பி' என்றால் 80. 'ஹால்ட்' என்றால் 76. ஏ-யில் உள்ளதை 4202-இல் வைக்கும் 'எஸ்.டி.ஏ 4202' என்றால் 32 02 42. முகவரியின் பின்பாதி முதலில் போகும். இதைத் தலைகீழாக அடிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று. முதல் பயிற்சி, இரண்டு எண்களைக் கூட்டி, கேரி (8 பிட்டில் அடங்காமல் மிஞ்சும் 1) வந்தால் சி ரிஜிஸ்டரில் ஒன்று ஏற்றுவது. 4100-இலிருந்து எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் சி-யைப் பூஜ்ஜியமாக்க மறந்தது தெரிந்தது. நடுவில் இரண்டு பைட் நுழைத்தேன், கீழே இருந்ததையெல்லாம் இரண்டு இடம் தள்ளி அடித்தேன். 05-ம் 03-ம் கொடுத்தால் விடை 08, சரி. கேரி மட்டும் 01 என்றது. எந்த எண்ணைப் போட்டாலும் 01.

அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. கேரி இல்லையென்றால் தாவச் சொல்லும் 'ஜே.என்.சி' கட்டளை, தாவ வேண்டிய முகவரியை மாற்றாமல் விட்டிருக்கிறேன். அது பழைய 410சி-க்கே தாவியது. இப்போது அந்த இடத்தில் இருந்ததோ, அதே ஜே.என்.சி-யின் கடைசி பைட்டான 41. முகவரியின் ஒரு துண்டு. பிராசசருக்கு அதெல்லாம் தெரியுமா? 41 என்றால் அதற்கு 'மூவ் பி, சி', அதாவது சி-யில் உள்ளதை பி-க்கு நகலெடு. அதைச் செய்துவிட்டு, அடுத்த பைட்டில் இருந்த, சி-யில் ஒன்று ஏற்றும் 'ஐ.என்.ஆர் சி'-யையும் செய்தது. பி-க்கு அதற்குமேல் வேலை இல்லாததால் கூட்டுத்தொகை தப்பித்தது. நினைவகத்தில் கட்டளைக்கும் தரவுக்கும் தனி நிறம் கிடையாது என்று வகுப்பில் நூறு முறை கேட்டிருந்தும், அன்றைக்குத்தான் அது மண்டையில் ஏறியது.

இன்னொரு ருசி, நேரக் கணக்கு. 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8085-இல் ஒன்று குறைக்கும் 'டி.சி.ஆர்' 4 டி-ஸ்டேட் (கடிகாரத் துடிப்பு), பூஜ்ஜியம் வராதவரை திரும்பத் தாவும் 'ஜே.என்.இசட்' 10. ஆக ஒரு சுற்றுக்கு 14. 255 சுற்று என்றால் ஏறத்தாழ 1.2 மில்லி நொடி. விரல் விட்டு எண்ணியே சொல்லிவிடலாம். கேஷும் (வேக நினைவகம்) பைப்லைனும் (பல கட்டளைகளை அடுக்கி ஓட்டுவது) வந்த இன்றைய பெரிய பிராசசர்களில் இந்தச் சுகம் கிடையாது.

சரி, 8086. 1978-இல் வந்தது, 16 பிட், சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள். பெருக்கலுக்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. கணினியிலேயே எமுலேட்டர் போட்டு ஓட்டலாம். ஆனால் ரிஜிஸ்டர் 16 பிட், நினைவக முகவரிக்கான அட்ரஸ் லைன் 20. இந்த இடைவெளியை அடைக்கத்தான் செக்மென்ட் ஏற்பாடு. முகவரியை செக்மென்ட், ஆஃப்செட் என்ற இரண்டு எண்ணாகத் தந்து, செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும். 1000:0010 என்றாலும் 1001:0000 என்றாலும் போய் நிற்பது 10010 என்ற ஒரே வீட்டில். போதாக்குறைக்கு லூப் என்றால் சி.எக்ஸ்-தான், பெருக்கல் என்றால் ஏ.எக்ஸ்-தான் என்று ஆளுக்கொரு வேலை. கட்டளை நீளம் ஒரு பைட்டும் இருக்கும், ஆறு பைட்டும் இருக்கும். புதிதாக வருபவரின் பாதிச் சக்தி அசெம்பிளியில் போகாமல், 1978-இன் சமரசங்களைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். பூட்லோடர் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) எழுதும் ஆசை உள்ளவருக்கு மட்டும் இது வீண்போகாது.

ரிஸ்க்-வி ஒரு சிப்பின் பெயர் இல்லை, கட்டளைத் தொகுதியின் பெயர். 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யாருக்கும் உரிமக் கட்டணம் தராமல் யார் வேண்டுமானாலும் சிப் செய்யலாம். சென்னை ஐஐடி-யின் சக்தி பிராசசர் இதன்மேல்தான் எழுந்தது. அடிப்படைத் தொகுதியில் எல்லாக் கட்டளையும் நான்கு பைட். 32 ரிஜிஸ்டர்கள், அதில் எக்ஸ்0 எப்போதும் பூஜ்ஜியம், என்ன எழுதினாலும் ஒட்டாது. 8085-இலிருந்து வருபவரைத் தூக்கிவாரிப் போடுவது வேறொன்று: கேரி ஃபிளாகே இல்லை. எந்த ஃபிளாகும் இல்லை. கூட்டிய பிறகு, வந்த விடை கூட்டப்பட்ட எண்ணைவிடச் சின்னதா என்று நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சின்னதாக இருந்தால் கேரி வந்திருக்கிறது. முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் அழகாகத் தெரியும். குறை என்றால், அசெம்ப்ளர் நமக்காகச் சிலவற்றை மறைத்துவிடும். ஒரு பெரிய எண்ணை ரிஜிஸ்டரில் ஏற்ற ஒரு வரி எழுதினால் உள்ளே இரண்டு கட்டளை ஆகிவிடுகிறது. கிட்டில் கையால் அடித்துப் பழகியவர் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார். நேராக இங்கே வந்தவர் விழிப்பார்.

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னப் பலகை இருந்தால் அதிலும் அசெம்பிளி எழுதலாம், எல்.இ.டி மின்னும் சந்தோஷம் கிடைக்கும். செல்போன்களில் இருக்கும் ஏஆர்எம் பிராசசர் வேலைக்கு உதவும், ஆனால் முதல் பாடத்துக்குக் கொஞ்சம் கனம்.

கிட் கிடைக்காதவர்கள் ஜிஎன்யூசிம்8085 என்ற இலவச சிமுலேட்டரில் தொடங்கலாம். முதல் வாரத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன்: 13-ஐ 11-ஆல் பெருக்குங்கள். 8085-இலும் பெருக்கல் கட்டளை கிடையாது, ரிஸ்க்-வி-யின் அடிப்படைத் தொகுதியிலும் கிடையாது. திரும்பத் திரும்பக் கூட்டி ஒரு தடவை, பிட்டை நகர்த்தி ஒரு தடவை, இரண்டிலும் எழுதிவிட்டு வரி எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.