இடது பக்கக் கேபின் கேளுங்கள்

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்குள் நுழைந்து, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகவே தெற்கே போய், தென்கோடியில் இருக்கும் ஹார்ன் முனையைத் தொட்டு, புவெனஸ் ஐரிஸில் முடியும் நீண்ட பயணம் இது. நானும் என் வீட்டுக்காரரும் போய்வந்தோம். எங்கள் கப்பல் கம்பெனிமேல் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு, அதனால் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்தப் பாதையில் ஓடும் எந்தக் கப்பலுக்கும் பொருந்தும்.

முதலில் கேபின். இந்தத் திசையில் போனால் நிலம் எப்போதும் இடது கைப்பக்கம்தான். தெற்கே போகும்போது சிலி இடது. கண்டத்தின் தென்கோடியில் இருக்கும் பீகிள் நீரிணையில் கிழக்கே திரும்பினால் பனியாறுகள் இடது. மறுபடி வடக்கே ஏறும்போது அர்ஜென்டினாவும் இடது. புவெனஸ் ஐரிஸிலிருந்து கிளம்பும் எதிர்த்திசைப் பயணத்துக்கு எல்லாம் வலது. இவர் உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். டிக்கெட் போட்ட ஏஜெண்ட், இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சாதித்தார். ஒன்றல்ல. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனிக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்காதீர்கள். சிலியின் புவெர்ட்டோ மான்ட்டுக்குத் தெற்கே பால்கனிக் கதவைத் திறந்தாலே காற்று ஆளைத் தள்ளுகிறது. நல்ல ஜன்னல் போதும். அந்தக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைக்க ஆள் வந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு வரவேயில்லை, கேட்டும்.

பனாமா கால்வாய் அன்று மட்டும் கேபினில் இருக்கவே கூடாது. விடியும் முன்பே முன்பக்க டெக்கில் ஆட்கள் இடம் பிடித்துவிட்டார்கள். என் யோசனை வேறு: கூட்டத்தோடு மல்லுக்கட்டாமல், கப்பலைச் சுற்றி வரும் கீழ் நடைத்தளத்துக்குப் போங்கள். 1914இல் திறந்த பழைய லாக் (கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி) ஒவ்வொன்றும் 33.5 மீட்டர் அகலம். எங்கள் கப்பல் அதற்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல 32 மீட்டர் சொச்சம். கட்டைச்சுவரைப் பிடித்து நின்றால், ஈரம் ஊறிய சிமென்ட் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகர்கிறது. அதில் இதற்கு முன் உரசிப்போன கப்பல்களின் பெயின்ட் கோடு கோடாக ஒட்டியிருக்கிறது. அப்புறம் தண்ணீர் ஏற ஏற, அதே சுவர் கண்ணெதிரே சத்தமே இல்லாமல் கீழே இறங்குகிறது. கப்பல்தான் மேலே போகிறது என்று மூளைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆகும். அட்லாண்டிக் பக்கத்து லாக்குகள் இருக்கும் கட்டூனில் மூன்று படிகளில் 26 மீட்டர் ஏறிவிடுகிறோம். இதற்கு ஒரு பம்ப்கூடக் கிடையாது. மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் தன் எடையாலேயே கீழே ஓடி வந்து தொட்டியை நிரப்புகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் இவ்வளவு நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது என்பதால்தான், மழை பொய்த்தால் கால்வாயில் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்.

இரு கரையிலும் தண்டவாளத்தில் சின்ன எஞ்சின்கள் மணியடித்துக்கொண்டு கப்பலோடு கூடவே வருகின்றன. கப்பல் சுவரில் இடித்துவிடாமல் கம்பி வடங்களால் நடுவில் நிறுத்தி வைப்பது அவற்றின் வேலை. அந்த வடத்தைக் கப்பலுக்குச் சேர்க்க யார் வருகிறார்கள் தெரியுமா? இரண்டு பேர், துடுப்புப் படகில்! இத்தனை பெரிய ஏற்பாட்டில் இது ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. பசிபிக் பக்கத்து லாக்குகள் இருக்கும் மிராஃப்ளோரஸில் பார்வையாளர் மாடத்தில் ஒரு கூட்டம் எங்களைப் பார்த்துக் கையசைத்தது, நாங்களும் அசைத்தோம். யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள் என்றே சொல்ல முடியவில்லை.

ஜோடியாகப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, இத்தனை நாள் ஒரே அறையில் சண்டை வராதா என்பதுதான். கடலில் வரவில்லை. கரையில்தான் வந்தது. கடல் நாட்களில் இவர் பைனாகுலரோடு பின் டெக்குக்குப் போய்விடுவார். நான் பறவை, திமிங்கிலம், மெகல்லன் என்று யாராவது பேசும் அரங்குக்குப் போவேன், இல்லாவிட்டால் சீட்டு மேசை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடச் சில நாள் சந்திக்கவில்லை. ராத்திரி உட்காரும்போது இருவரிடமும் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை சிறகடிக்காமல் எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று இவர் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். கட்டிய மனைவியிடம் இதைச் சொல்ல ஒரு கடலே தேவைப்பட்டிருக்கிறது.

கரையில் கதையே வேறு. நேரம் கொஞ்சம், வெயில் அதிகம், ஆளுக்கொரு ஆசை. கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் இவருக்கு சான் ஃபெலிப்பெ கோட்டைமேல் ஏற வேண்டும். எனக்கு மதிலுக்குள் இருக்கும் பழைய நகரில் சும்மா நடக்க வேண்டும். இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் கப்பலுக்குத் திரும்பினோம். துறைமுகத் தோட்டத்தில் மயில்களும் மக்காவ் கிளிகளும் உண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தோம்.

சிலியின் துறைமுகமான வால்பரைசோவில் பிரிந்து போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். இவர் மலைமேல் இருக்கும் கடற்படை அருங்காட்சியகத்துக்கு. நான் 1883இலிருந்து ஓடும் கன்செப்சியோன் மலை லிஃப்டில் ஏறி, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய சந்துகளில் கால் வலிக்கும் வரை நடந்தேன். ஒரு சுவரில் பெரிய பூனை, அதன் காலடியில் நிஜப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பயணத்திலேயே எனக்குப் பிடித்த கரை நாள் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் ‘லிமா’, ‘சான்டியாகோ’ என்று அழகாகப் போடுவார்கள். லிமாவுக்குக் கப்பல் நிற்பது கய்யாவோவில். சான்டியாகோவுக்கோ கடலே இல்லை. வால்பரைசோவில் நிற்குமா, தெற்கே தள்ளி இருக்கும் சான் அன்டோனியோவில் நிற்குமா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். சான் அன்டோனியோ என்றால் வால்பரைசோவுக்குப் போகவரவே பாதி நாள் போய்விடும்.

கப்பல்காரர்கள் விற்கும் டூர்கள் என் கணக்கில் பெரும்பாலும் வீண். பஸ் நிறைய ஆட்கள், கடைசி ஆள் கழிப்பறையிலிருந்து வரும்வரை காத்திருப்பு, நடுவில் ஒரு நினைவுப்பொருள் கடை. ஆனால் தூரமான இடம் என்றால் அவர்களிடமே வாங்குங்கள். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாம் சொந்தமாகப் பிடித்த டாக்சிக்குக் காத்திருக்காது. அர்ஜென்டினாவின் புவெர்ட்டோ மாட்ரினிலிருந்து, பென்குவின்கள் இருக்கும் புன்டா டோம்போவுக்கு அப்படித்தான் போனோம். போக மட்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம், வழியெல்லாம் முட்புதர். அங்கே பென்குவின் குறுக்கே வந்தால் மனிதர்கள் நின்று வழிவிட வேண்டும் என்பது விதி. ஒன்று என் காலருகே வந்து நின்று, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுபக்கம் சாய்த்து அடுத்த கண்ணால் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் நான் தேறவில்லை போலும், புதருக்கடியில் இருக்கும் வளைக்குள் போய்க் கழுதைபோல் கத்தத் தொடங்கிவிட்டது.

பூமத்திய ரேகையைத் தாண்டியபோது கடல் தெய்வம் நெப்டியூன் வேடம் கட்டி மீனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லும் கூத்து நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, இவர் அந்தப் பக்கமே வரவில்லை. சான்றிதழ் மட்டும் இருவருக்கும் வந்தது.

ஹார்ன் முனையில் எங்கள் அதிர்ஷ்டம், மழை இல்லை. கப்பலை மெதுவாகத் திருப்பி இரு பக்கத்தாருக்கும் காட்டினார்கள். 1992இல் வைத்த ஆல்பட்ராஸ் சிற்பம் பைனாகுலரில் நகத்தளவு தெரிகிறது. அந்தத் தீவில் சிலிக் கடற்படைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு தங்கிக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஃபாக்லாந்துக்குப் போகும் வழியில்தான் கடல் வேலையைக் காட்டியது. வரவேற்பு மேசையில் பச்சை ஆப்பிளைக் குவித்து வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும்! வாந்திக்கு அது ஓரளவு கேட்கிறது. மாத்திரை நன்றாகவே கேட்கிறது.

காலையில் ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லி ஊர் ஜன்னலில் தெரிந்தது, சிவப்பு, பச்சைக் கூரைகள் வரைக்கும். அங்கே சின்ன டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். காற்று அதிகம், இறக்க முடியாது என்று கேப்டன் அறிவித்தார். அதில் எனக்குக் குறை இல்லை, அந்த ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான். கோபம், அதற்குப் பிறகு நடந்ததில். ரத்தான துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது துறைமுக வரி மட்டும், ஒரு காப்பிக் காசு. அதுவும் கணக்கில் ஏறவில்லை, வரிசையில் நின்று கேட்க வேண்டியிருந்தது. அன்று முழுக்க நடு மண்டபத்தில் கைக்கடிகாரத் தள்ளுபடி விற்பனை வேறு, மைக் வைத்து. நாங்கள் எழுதிப் பதிவுசெய்திருந்த உள்ளூர் ஜீப்காரரோ, கப்பல் வராவிட்டால் பைசா வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

கேபினைப் பார்த்துக்கொண்ட பையன் தங்கமானவன். சாப்பாடு பரவாயில்லை. வைஃபை தெற்கே போகப் போக இழுத்தது. துணி துவைக்கும் அறையில் நடக்கும் அரசியலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உருகுவேயின் மான்டிவிடியோவில் டூர் எதுவும் வேண்டாம், கப்பலிலிருந்து இறங்கினால் நடக்கும் தூரத்தில் பழைய நகரம். புவெனஸ் ஐரிஸில் இறங்குகிற அன்றே விமானம் போடாதீர்கள். முந்தைய இரவே பெட்டியை வாசலில் வைக்கச் சொல்லி வாங்கிவிடுவார்கள், பல் துலக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், பஸ்தான். ஏசேசா விமான நிலையமோ நகரத்துக்கு வெளியே வெகு தொலைவு. ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிறாக இருந்தால் சான் டெல்மோ சந்தைக்குப் போகலாம், சேர்ந்தோ தனியாகவோ.