கல்யாணப் பிளவுஸின் உள்பக்கம்: வில்லாபுரத்துத் தையற்கூடம் ஒன்றின் தரச் சோதனை பற்றி

மதுரையில் மணப்பெண் உடைக்கடை நடத்துபவர்களில் பெரும்பாலோர் தாங்களே தைப்பதில்லை. விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் துணி எடுத்து, ஆரி வேலைக்கு (கொக்கி ஊசியால் நூலும் மணியும் கோத்துச் செய்யும் பூவேலை) ஓரிடம், வெட்டுக்கும் தையலுக்கும் வேறோரிடம் என்று பிரித்துக் கொடுத்து, முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்று சேர்ப்பதே இங்குள்ள வழக்கம். பிளவுஸில் குறை தெரிந்தால் அது யார் கையில் நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவதும் இதனால்தான். துணிச் சோதனையிலிருந்து கடைசி இஸ்திரி வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்யும் தையற்கூடம் ஒன்று வில்லாபுரத்தில் இருக்கிறது. எங்கள் கடையின் வேலையைச் சில முகூர்த்தக் காலங்களாக அங்கேதான் கொடுத்து வருகிறோம். கடைகளுக்கு மட்டுமே தைப்பதால் வாசலில் பெயர்ப்பலகைகூட வைக்காத இடம் அது. என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு உதவும் என்பதால், அங்கே நான் பார்த்த சோதனை முறைகளை நிறைகுறைகளோடு எழுதுகிறேன்.

அங்கே துணி வந்தவுடன் வெட்டுமேசைக்குப் போவதில்லை. பிளவுஸ் துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, உப்புக் கரைத்த தண்ணீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறார்கள். வியர்வை பட்டால் சாயம் இறங்குமா என்பது இதில் தெரிந்துவிடுகிறது. அரக்கு, கரும்பச்சை, மயில் கழுத்து போன்ற அடர்ந்த நிறங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் மதுரை வெயிலோடு ஹோமத்தின் அனலும் வீடியோ விளக்குகளின் சூடும் சேரும்போது, மணப்பெண்ணின் பிளவுஸ் நனையாமல் இருக்க வழியே இல்லை. லைனிங் துணிக்கும் இதே சோதனை உண்டு; பருத்தி லைனிங்கை முதல்நாளே ஊறவைத்து உலர்த்தி, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகுதான் வெட்டுகிறார்கள். இதைச் செய்யாமல் தைத்த பிளவுஸ், முதல் முறை நனைந்ததும் லைனிங் உள்ளே இழுத்து, மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நின்றுவிடும். நூலின் நிறத்தைச் சேலையோடு பொருத்துவதை மொட்டைமாடியில் பகல் வெளிச்சத்தில் செய்கிறார்கள், ஏனென்றால் ட்யூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு மாம்பழ மஞ்சள்கள் வெளியே வந்ததும் தனித்தனியாகத் தெரியக்கூடும். சேலையில் சில்க் மார்க் முத்திரை இருந்தால் அது பட்டு என்பதற்கு மட்டும்தான் உறுதி. சரிகையின் தரத்தையோ சாயத்தையோ அது சொல்வதில்லை என்பதைக் கடைக்காரர்களிலேயே பலர் கவனிப்பதில்லை.

அந்தக் கூடத்தின் உண்மையான தரம் தெரிவது ஆரி வேலையில். ஆரி ஊசி போடுவது சங்கிலித் தையல். வரிசையின் முடிவில் நூலை முடிச்சிட்டு அடைக்காவிட்டால், நுனி எங்காவது மாட்டி இழுபட்ட உடனே வரிசை முழுவதும் பிரிந்து வந்து, கோத்த மணிகளும் உதிர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. அதனால் துணி சட்டத்தில் இறுக்கிக் கட்டியிருக்கும்போதே, சோதிக்கும் பெண் கையைத் துணிக்கு அடியில் கொண்டுபோய், ஒவ்வொரு கொடியும் பூவும் முடியும் இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார். முடிச்சு தட்டுப்படாத இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைக்கிறார். எங்கள் வேலை ஒன்றில் அப்படிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “சட்டத்துல இருக்கும்போதே சொல்லிட்டாத்தான்க்கா மறுபடி போட முடியும். கழட்டிட்டா துணி தளந்துரும், அப்புறம் போட்டா டிசைன் உக்காராது.”

இந்த இடத்தில்தான் பல பட்டறைகள் தவறுகின்றன. எல்லாம் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, கடைசியில் ஒருமுறை பார்ப்பதையே சோதனை என்று நினைக்கிறார்கள். சாதாரணப் பிளவுஸுக்கு அது போதும். கழுத்திலும் கையிலும் கனமாக ஆரி வேலை செய்த பிளவுஸில் கடைசியில் கண்டுபிடிக்கும் குறையைச் சரிசெய்ய வழியில்லை, மறைக்கத்தான் முடியும். வில்லாபுரத்துக் கூடத்தில் டிசைனைத் துணியில் பதிக்கும்போதே ஒரு சோதனை நடக்கிறது. துளையிட்ட டிரேசிங் தாளைக் கவிழ்க்காமல் இரண்டு கைகளுக்கும் அப்படியே பதித்துவிட்டால், ஒரு கையில் மாங்காயின் வால் முன்பக்கமும் மறு கையில் பின்பக்கமும் நோக்கி நிற்கும். அங்கே இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்து, மாஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஊசி இறங்குகிறது. தையல் ஓடப்போகும் கோட்டின் இருபுறமும் மணியோ கல்லோ விழாமல் இடம் விடுகிறார்கள். மணியின் மேல் ஊசி இறங்கினால் மணி நொறுங்கும், அல்லது ஊசி உடையும்.

ஜர்தோசிக்கு அவர்கள் வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஜர்தோசி என்பது சுருள் கம்பி. வெட்டிய முனை சரியாக உள்ளே மடங்காவிட்டால் தலைமுடியில் மாட்டும், சேலையின் சரிகையை இழுக்கும், மாலை மாற்றும் நேரத்தில் மாலையின் நாரில் சிக்கும். வேலை முடிந்ததும் ஒரு துண்டு மெல்லிய நெட் துணியை அதன் மேல் வைத்து நான்கு திசையிலும் இழுக்கிறார்கள். எங்கே மாட்டுகிறதோ அந்த முனையைத் திரும்பவும் அடைக்க வேண்டும். ஒட்டுக் கற்களுக்கும் இதைப் போல ஒன்று உண்டு: பசை காய ஒரு முழு நாள் விட்டு, துணியின் பின்பக்கம் மிதமான சூட்டில் இஸ்திரி வைத்து, பிறகு நகத்தால் நெருடிப் பார்க்கிறார்கள். அசையும் கல்லைச் சுற்றி நூலால் கட்டுப் போடுகிறார்கள்.

ஊசி விஷயத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பை எல்லாத் தையற்கூடங்களும் பின்பற்ற வேண்டும். பட்டுக்கு 11 எண் ஊசிதான். தடித்த ஊசி போட்டால் பட்டில் விழும் துளை மறையாது. மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடியெடுத்து, ஒரு நோட்டில் தேதி எழுதி டேப்பால் ஒட்டுகிறார்கள். முனை கிடைக்காவிட்டால் அந்தப் பிளவுஸ் மேசையை விட்டு நகர்வதில்லை. ஹூக் தைப்பதற்கு முன்பு ஒவ்வொரு பிளவுஸின் மேலும் காந்தத்தை ஓட்டுகிறார்கள். ஜர்தோசிக் கம்பி செம்பில் செய்யப்படுவதால் காந்தம் அதை இழுக்காது. ஏதாவது இழுபட்டால் அது ஊசித்துண்டாகத்தான் இருக்க வேண்டும். முன்பு வேறோர் இடத்திலிருந்து வந்த ஒரு பிளவுஸில் அக்குள் தையலுக்குள் ஊசி முனை இருந்தது; போட்டுப் பார்த்த பெண்ணின் தோலைக் கீறிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் உடைந்த ஊசிக்கு எந்தக் கணக்கும் கிடையாது என்பது விசாரித்தபோது தெரியவந்தது. மணமேடையில் பல மணி நேரம் எழுந்துபோகவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

திருப்பூரின் ஏற்றுமதி ஆடைகளில் ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்து, ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 போன்ற அளவுகோல் வைத்துத் தொகுதி முழுவதையும் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வார்கள். பெரும் எண்ணிக்கையில் தைக்கும் பனியனுக்கு அது நியாயமான முறை. கல்யாண உடை ஒவ்வொன்றும் ஒரே ஒரு பெண்ணின் அளவுக்குத் தைப்பது. அதில் மாதிரிச் சோதனைக்கு இடமே இல்லை. இந்தக் கூடத்தில் ஒவ்வொரு உடையோடும் ஒரு அட்டை போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்தவர் பெயர் அதில் இருக்கிறது.

கிறிஸ்தவத் திருமணங்களுக்கான வெள்ளை கவுன்களைப் பற்றி இதே அளவுக்குப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சாட்டின் துணியைச் சோதிப்பதில் குறையில்லை. ஏற்றுமதித் தொழிலில் வழக்கமான நான்கு புள்ளி முறையையே பின்பற்றுகிறார்கள்: 3 அங்குலம் வரையுள்ள பழுதுக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4; 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் துணி திரும்பிப் போகிறது. காடாத் துணியில் மாதிரி தைத்து அளவு பார்ப்பதும் நடக்கிறது. குறை கீழ் ஓரத்தில் இருக்கிறது. வட்டமாகவும் குறுக்காகவும் வெட்டிய பாவாடைப் பகுதி தன் கனத்தாலேயே சில இடங்களில் கீழே இறங்கும். அதனால் ஓர் இரவாவது தொங்கவிட்டு, மறுநாள் தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமன்செய்ய வேண்டும். அவசர வேலையில் இதை விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த கவுன்களில் சில, கடையில் தொங்கவிட்டபோது பக்கவாட்டில் இறங்கி நின்றன. சொன்னதும் எடுத்துப்போய்ச் சரிசெய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிளவுஸுக்கு அத்தனை படிநிலைகள் வைத்திருப்பவர்கள் கவுனின் அட்டையில் இந்த ஒரு வரியைச் சேர்க்காதது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. மறைவு ஜிப்பின் பல்லில் லேஸ் மாட்டுவதையும் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பேக்கிங்கும் திருப்தியாக இல்லை. இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடைப்பதால் உள்ளே ஈரம் தங்கி, சரிகையும் ஜர்தோசியும் கறுக்க இடமாகிறது. நாங்கள் வந்தவுடன் பிரித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறோம். பருத்திப் பையிலேயே அனுப்பினால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் நாங்கள் தயார்.

கூலி மற்ற இடங்களைவிட அதிகம்தான். பக்கத் தையலில் இருபுறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுவதையும், எளிதில் பிரிக்கக்கூடிய தற்காலிக ஓட்டுத் தையலில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே மெஷின் தையல் போடுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கூலி நியாயமானதே. பட்டைப் பிரித்துத் தைத்தால் பழைய ஊசித்துளை தெரியும் என்பதால், இந்த ஓட்டுத் தையல் எங்களுக்குப் பல சங்கடங்களைத் தவிர்த்திருக்கிறது. கனமான ஆரி பிளவுஸ்களுக்கு இந்தக் கூடத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கவுனுக்குக் கொடுப்பவர்கள், ஓரம் அடிப்பதற்கு முன் தொங்கவிட வேண்டும் என்பதை ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தை முகூர்த்தத்துக்கான வேலையைக் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் எளிய பிளவுஸ்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அளவுப் பிளவுஸோடு சேலையையும் சேர்த்தே அனுப்புங்கள். துணித்துண்டை மட்டும் வைத்து நிறம் பொருத்த அங்கே ஒப்புக்கொள்வதில்லை.