மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’: எந்தப் பதிப்பை வாங்குவது?

2008 செப்டம்பர் 12 அன்று வெளிவந்த ‘டெத் மேக்னெட்டிக்’, அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பம். பாட்டும் வாசிப்பும் முதல் தரம். சிடியில் இருக்கும் ஒலியோ காதைப் பதம் பார்க்கிறது. அதனால் வாங்கும் முன் எந்தப் பதிப்பு என்று பார்த்தே ஆக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இதற்கு முந்தைய ‘செயின்ட் ஆங்கர்’ (2003) ஆல்பத்தில் கிடார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகளை விலக்கிவிட்டு அடித்ததால் டிரம்ஸ் தகர டப்பாவாக ஒலித்தது. பேஸ் வாசித்தவரும் தயாரிப்பாளர் பாப் ராக்தான். அடுத்ததான இந்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக ரிக் ரூபின் வந்தார். பாடல்களை மேடையில் வாசிக்கும் அளவுக்கு ஒத்திகை பார்த்து முடித்த பிறகே பதிவுக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்டளை. பலன் நன்றாகவே தெரிகிறது. ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரிகள்) மாறும் இடங்களில் நால்வரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். கிடாரிஸ்ட் கர்க் ஹாமெட்டின் சோலோக்கள் திரும்பிவிட்டன. ராபர்ட் ட்ருஹியோ பேஸ் வாசித்த முதல் மெட்டாலிக்கா ஸ்டுடியோ ஆல்பமும் இதுதான். 10 பாட்டு, ஏறத்தாழ 75 நிமிடம். ‘ஆல் நைட்மேர் லாங்’ இதன் உச்சம். ஏறக்குறைய 10 நிமிடம் ஓடும் வாத்திய இசையான ‘சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்’ 3 நிமிடம் குறைந்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும்.

இனி குறை. ‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். தெளிவான கிடாரோடு தொடங்கும்போது பிரச்சினை தெரியாது. டிரம்ஸ் நுழைந்ததும் ஒவ்வொரு பலமான அடியிலும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று தோன்றும். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, இது கிளிப்பிங். டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. மொத்த ஒலியையும் அந்த வரம்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போனால் ஸ்னேர், கிக் டிரம்மின் கூர்முனைகள் மொட்டையாகிவிடும். மொட்டையான இடத்தில் இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு. டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் இந்த சிடி காட்டும் எண் 3. அதாவது உச்சத்துக்கும், சத்தமான பகுதிகளின் சராசரிக்கும் இடையே 3 டெசிபல்தான். இதே குழுவின் 1980களின் சிடிகள் இரட்டை இலக்கத்தில் நிற்பவை. அடி விழுவதற்கு இடமே இல்லாததால், டிரம்மர் லார்ஸ் உல்ரிக் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கனம் இறங்குவதில்லை.

பழியை, கலந்து முடித்த ஒலியை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்மேல் போடுவது வழக்கம். இங்கே அது சரியல்ல. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், மிக்ஸ்கள் (கலந்த தடங்கள்) தம்மிடம் வரும்போதே அப்படி நசுக்கப்பட்டிருந்தன என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே வந்தது. ஆகவே கோளாறு, வாத்தியத் தடங்களைக் கலக்கும் மிக்சிங் கட்டத்தில்தான். இதற்கான சான்றும் ஆல்பம் வந்த அதே நாளில் வெளியானது. ‘கிடார் ஹீரோ III’ என்ற வீடியோ விளையாட்டுக்கென்று முழு ஆல்பமும் தரவிறக்கமாக வந்தது. விளையாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தடமாக வேண்டும் என்பதால், கடைசி நசுக்கலுக்கு உட்படாத தடங்களே போயின. அதில் அதே ஸ்னேர் முழுசாக, உடலோடு ஒலிக்கிறது. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டதில் வியப்பில்லை. விற்பனையை இது தொடவில்லை. அமெரிக்காவில் முதல் மூன்றே நாளில் 4,90,000 பிரதிகள் போயின.

உங்களிடம் இருக்கும் பிரதியை நீங்களே சோதிக்கலாம். சிடியை வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, கிளிப்பிங்கைக் காட்டும் வசதியை இயக்குங்கள். பாட்டு நெடுகச் சிவப்புக் கோடுகள் விழும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை: சத்தமான பதிப்பை 8 முதல் 10 டெசிபல் இறக்கி, காதுக்கு இரண்டும் சமமாகக் கேட்கும்படி வைத்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள். இல்லாவிட்டால் சத்தமானதே சிறந்தது என்று காது ஏமாந்துவிடும்.

எதை வாங்குவது? 2008 சிடியை, வட்டைச் சேகரிப்பவர்கள் தவிர மற்றவர்கள் தவிர்க்கலாம். 2015இல் ஐட்யூன்ஸுக்காக வந்த மாஸ்டரிங் சற்றுத் தளர்வானது. சட்டபூர்வமாகக் கிடைப்பதில் எங்கள் தேர்வு அதுதான். எல்பி (இசைத்தட்டு) வாங்குபவர்கள் மீட்டர் எண்ணை நம்ப வேண்டாம். தட்டில் பள்ளம் வெட்டும் முறையும் ஊசியும் அலையின் வடிவத்தை மாற்றுவதால், அதே நசுங்கிய மிக்ஸுக்கும் எல்பியில் கூடுதல் எண் வரும். மொட்டையான முனை எல்பியில் வளர்வதில்லை. விளையாட்டுத் தடங்களைக் கொண்டு ரசிகர்கள் செய்த மிக்ஸ்கள் அதிகாரபூர்வமானவை அல்ல. கிடாரும் டிரம்ஸும் ஒவ்வொன்றிலும் வேறு விகிதத்தில் இருக்கும். அந்த விளையாட்டில் ‘சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்’ இரண்டு வடிவங்களில் உண்டு: ஒன்றில் பாடகரும் கிடாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் சோலோ, மற்றதில் ஹாமெட்டின் சோலோ.

சிடிதான் கையில் இருக்கிறது என்றால், எம்பி3 ஆக்கும் முன் ஒலியளவை 3 டெசிபலாவது குறையுங்கள். 0 டெசிபலில் முட்டி நிற்கும் அலை, எம்பி3 விரியும்போது வரம்பைத் தாண்டிப் புதிதாக ஒரு கிளிப்பிங்கைச் சேர்க்கும். பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 டெசிபல் இறக்கினால் காது சீக்கிரம் களைக்காது. கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும். அதை நீக்குவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இழந்த முனையை ஊகித்து வரைபவை. இவ்வளவு அடர்த்தியான கிளிப்பிங்கில் அவற்றின் ஊகம் பெரும்பாலும் ஸ்னேரை மழுங்கடிப்பதில்தான் முடிகிறது.